வார்ப்பட்டையின் குரல்

மார்கழி மாதத்து விடியற்காலையில், வாசல் தெளிக்கும் ஓசையும் தூரத்துக் கோயில் ஒலிபெருக்கியின் பாட்டும் தவிர வேறு சப்தமே எழாத வேளையில், ஏதோ ஒரு வீட்டு வாசலில் மோட்டார் வண்டி ஒன்று உயிர் பெற்ற கணமே அதன் முன்மூடியின் அடியிலிருந்து 'கிறீச்' என்று கிளம்பி, இரண்டு மூன்று நிமிஷம் தெருவையே உலுக்கிவிட்டு, யாரும் கை வைக்காமலே தானாக அடங்கிப் போகும் கூச்சலைக் கேளாத நகரவாசிகள் அரியர். பெல்ட் சத்தம் என்று அதற்குப் பெயர். பகல் வெயிலில் பட்டறைக்குக் கொண்டுபோய் நிறுத்தினால், காலையில் அப்படிக் கதறிய வண்டி பரம சாதுவாக நிற்கும். பட்டறைக்காரர் நம்மை ஒரு பார்வை பார்ப்பார். பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று பெல்ட்டை மாற்றிக் கொடுப்பார். நாலு வாரம் சென்றதும், பனி இறங்கிய ஒரு காலையில், அதே குரல் மறுபடியும் எழும்.

நாள்தோறும் காயும் ஜுரத்தைவிட விட்டுவிட்டு வரும் முறைக்காய்ச்சலை நிர்ணயம் செய்வதுதான் வைத்தியருக்குக் கடினம் என்பார்கள். இந்தக் குரலும் அந்த இனத்தைச் சேர்ந்தது. இதன் பூர்வோத்தரத்தை விசாரிக்கப் புகுந்தபோது எனக்கு விளங்கிய சங்கதிகள் இரண்டு: மோட்டார் வண்டியைக் காட்டிலும் இந்தக் குரல் வயதில் மூத்தது என்பது ஒன்று, அதை அடக்குவதற்கு மனிதர்கள் எடுத்துக்கொண்ட பிரயாசையில் கால்வாசியாவது அது என்ன சொல்கிறது என்று கேட்பதற்கு எடுத்துக்கொள்ளவில்லை என்பது மற்றொன்று.

நீராவி யந்திரமோ நீர்ச்சக்கரமோ ஓரிடத்தில் சுழல, அதன் சக்தியை நூறு தறிகளுக்கும் ஆயிரம் கதிர்களுக்கும் பகிர்ந்தளிக்க வேண்டிய அவசியம் வந்தபோது, இங்கிலாந்தின் பஞ்சாலைகள் பற்சக்கரங்களையும் இரும்புத் தண்டுகளையும் நம்பின. அமெரிக்காவில், மாஸசூஸெட்ஸ் மாகாணத்து லோவெல் நகரில், 1828-ம் வருஷம், பால் மூடி என்னும் யந்திர நிபுணர் ஆப்பிள்டன் ஆலையில் பற்சக்கரங்களின் ஸ்தானத்தில் தோல் வாரைப் பூட்டினார். பற்சக்கரத்தைவிட வார் மலிவு, இரைச்சலும் குறைவு, எங்கேனும் ஒரு யந்திரம் திடீரென்று சிக்கிக்கொண்டால், பல் ஒடிவதற்குப் பதிலாக வார் வழுக்கிக் கொடுத்து மற்றவற்றைக் காப்பாற்றிவிடும். வழுக்குவது வாரின் தோஷமன்று, அதன் குணங்களில் ஒன்று என்பதை இவ்விடத்தில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

மாட்டின் முதுகுத் தோலே இந்தக் காரியத்துக்கு உகந்தது. வயிற்றுப்புறத் தோல் இழுக்க இழுக்க நீண்டுகொண்டே போகும். அதை மரப்பட்டைச் சாற்றில் பதப்படுத்தி, நீள நீளமாக அறுத்து, முனைகளைச் சீவி ஒன்றோடொன்று ஒட்டி, ரோமம் இருந்த பக்கம் சக்கரத்தைத் தொடும்படியாகப் பூட்டினார்கள். அந்தப் பக்கமே சக்கரத்தோடு இசைந்து பற்றும் என்பது அவர்களுடைய அனுபவம். இங்கிலாந்தில் ஹல் துறைமுகத்தில் ஜோசஃப் ஹென்றி ஃபென்னர் என்பவர் 1861-ல் தொடங்கிய வியாபாரமும் இத்தகைய தோல் வார் செய்வதுதான். அந்தப் பெயரை நாம் பின்னால் மதுரையில் சந்திக்கப் போகிறோம். நம் நாட்டுக்கும் வார்கள் ஆலைகளோடு கூடவே வந்தன. ஆனால் பஞ்சாலைக்குள் கால் வைக்காத கிராமத்தானுக்கு வாரை அறிமுகம் செய்துவைத்தது ரைஸ் மில்லே.

எங்கள் ஊர் மில்லின் கொட்டகையை இப்போது நினைத்தாலும் தவிட்டின் வாசனை மூக்கில் ஏறுகிறது. ஒரு கோடியில் ஆளுயரச் சக்கரத்தோடு எண்ணெய் என்ஜின். மறு கோடியில் ஹல்லர். நடுவே இருபதடி நீளத்துக்கு ஓடும் பட்டை வார். அதன் இரு முனைகளையும் இணைத்திருந்த இரும்புக் கிளிப் ஒவ்வொரு சுற்றிலும் சக்கரத்தின்மேல் 'டப்' என்று விழும். அந்த ஓசைகளின் இடைவெளியைக் காதில் வாங்கிக்கொண்டே என்ஜின் டிரைவர் வெளித்திண்ணையில் வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பார். உள்ளே எட்டிப் பாராமலே ஹல்லர் லேசாக ஓடுகிறதா, பாரத்தோடு ஓடுகிறதா என்று சொல்லுவார். சரியாகக் காயாத புழுங்கல் நெல் வந்து ஹல்லர் திணறினால், டப் ஓசை சற்றே பின்தங்கும். அடுத்த கணம் கொட்டகை முழுவதும் கிறீச்சிடும். அவர் ஓடிவந்து முதலில் இழுத்து மூடுவது நெல் இறங்கும் தகட்டைத்தான். வாரின் பக்கம் அவர் கை போகாது. அவருடைய எடுபிடிப் பையனோ ரோசின் தூள் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வாருக்குக் குறுக்கே பாய்வான். "அதுக்கு என்னடா செய்யும்? சோறு தின்ன முடியாம அங்க ஒருத்தன் விக்கறான், இவன் கத்தறவன் வாயில மண்ணைப் போடறான்" என்று அவர் அதட்டியது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. வார் தன் வியாதிக்காகக் கத்துவதில்லை, பெரும்பாலும் பிறர் வியாதிக்காகவே கத்துகிறது என்னும் பெரிய உண்மையை அந்த மனிதர் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

அந்த ரோசின் தூளைப் பற்றி இன்னும் சற்றுச் சொல்ல வேண்டும். பைன் மரத்துப் பிசினிலிருந்து எடுக்கும் இப்பொருளைத் தூவிய மாத்திரத்தில் வார் சக்கரத்தைக் கவ்விப் பிடிக்கும், கூச்சல் நிற்கும். ஆனால் உஷ்ணத்தில் இளகிய பிசின் நாளடைவில் இறுகி, தோலின் முகத்தைக் கண்ணாடிபோல் ஆக்கிவிடும். பிறகு முன்னிலும் அதிகமாக வழுக்கும். மேலும் தூவ வேண்டும். தோலுக்கு ஆமணக்கெண்ணெயை மிதமாகப் பூசி மிருதுவாக வைத்திருப்பதே உத்தமம் என்று அனுபவஸ்தர்கள் சொல்லியும், அவசரக்காரர்களின் கை ரோசின் டப்பாவுக்கே போயிற்று. இன்றைக்கும் கீச்சிடும் பெல்ட்டில் சோப்புக் கட்டியைத் தேய்த்து அனுப்பும் பட்டறைகள் இருக்கின்றன. டப்பாவின் பெயர்தான் மாறியிருக்கிறது.

வழுக்கினால் ஏன் சப்தம் எழ வேண்டும்? முழுவதுமாக வழுக்கிப் போகும் வஸ்து அவ்வளவாகக் கத்துவதில்லை; முழுவதுமாகப் பற்றிக்கொண்ட வஸ்துவும் கத்துவதில்லை. பற்றி, இழுபட்டு, விடுபட்டு, உடனே மீண்டும் பற்றி, இப்படி ஒரு வினாடிக்குள் நூற்றுக்கணக்கான தடவை நிகழும்போதுதான் குரல் பிறக்கிறது. வயலின் வில்லுக்கும் தந்திக்கும் இடையே நடப்பது இதுவே. ஜெர்மானிய விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ், வில்லால் மீட்டப்படும் தந்தி எப்படி அசைகிறது என்பதை விசேஷமான நுண்ணோக்கி ஒன்றை அமைத்துக் கண்டறிந்து, 1863-ல் வெளியான தமது இசையியல் நூலில் விவரித்தார். நம் திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி. வி. ராமன், ஒளிச்சிதறல் ஆராய்ச்சியால் உலகப் புகழ் அடைவதற்குப் பத்து வருஷங்களுக்கு முன், 1918-ல், கல்கத்தாவிலிருந்து வெளியிட்ட பெரிய ஆராய்ச்சி நூலின் விஷயமும் இந்தப் பற்றுதலும் விடுதலுமே. அதன் பின்னர் கையின் ஏற்றத்தாழ்வு கலவாதபடி யந்திரத்தைக் கொண்டே வயலின் வாசிக்கச் செய்து அவர் பரீட்சைகள் நடத்தினார். வித்துவான் கச்சேரிக்கு முன் வில்லில் ரோசினைத் தேய்ப்பது தந்தி பாட வேண்டும் என்பதற்காக. மில் பையன் அதே ரோசினை வாரில் தூவியது வார் வாயை மூட வேண்டும் என்பதற்காக. இரண்டையும் சேர்த்து எண்ணிப் பார்த்தால், அந்த உபாயம் ஏன் நிலைக்கவில்லை என்பது தானே விளங்கும்.

எவ்வளவு பாரம் வரையில் வார் பற்றி நிற்கும் என்பதற்கும் கணக்கு உண்டு. முளையில் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி நுனியைப் பிடித்துக்கொண்டால், மிரண்டு ஓடும் காளையைச் சிறுவன்கூட நிறுத்திவிடலாம் என்பது நம் உழவர்களுக்கு யாரும் கற்பிக்காமலே தெரியும். இதைக் கணிதமாக்கியவர் பதினெட்டாம் நூற்றாண்டின் மகா மேதை ஆய்லர். பொறியாளர் கைக்கு எட்டும்படி 1808-ல் தமது நூலில் எடுத்துரைத்தவர் ஜெர்மானியரான அய்டல்வைன். வார் சக்கரத்தை எத்தனை பாகை தழுவுகிறது, இரண்டுக்கும் உள்ள உராய்வு எவ்வளவு என்னும் இரண்டையும் பொறுத்தே பிடிப்பு அமைகிறது. சக்கரம் பெரிதா சிறிதா என்பது அந்தக் கணக்கில் நேராக நுழைவதில்லை. வார் சக்கரத்தின் சரிபாதியைத் தழுவி நின்று, உராய்வுக் கெழு 0.3 என்று வைத்துக்கொண்டால், இழுபடும் பக்கத்தின் விசை தளர்ந்த பக்கத்து விசையைப்போல் இரண்டரை மடங்குக்குச் சற்று மேல்வரை ஏறலாம். அதற்கு மேல் ஏறினால் வழுக்கும். இந்த இரண்டரை மடங்கைத்தான் ஒரு நூற்றாண்டுக் காலம் தோல் வார்கள் தாண்ட முடியாமல் நின்றன.

ஆலைகளில் வார் அறுந்தோ தளர்ந்தோ வேலை நின்ற பிறகே அதைக் கவனிப்பது வழக்கமாயிருந்த காலத்தில், ஃபிலடெல்பியாவின் மிட்வேல் எஃகு ஆலையில் பணிபுரிந்த ஃபிரெடெரிக் டெய்லர் ஒன்பது வருஷங்கள் வார்களைப் பற்றிக் குறிப்பெழுதி வைத்து, அவற்றை 1890களில் அமெரிக்க யந்திரப் பொறியாளர் சங்கத்தின் முன் வைத்தார். தொழிலாளியின் ஒவ்வொரு அசைவையும் கடிகாரம் கொண்டு அளந்தவர் என்று அவரைப் பழிப்பவர்கள் உண்டு. அந்தப் பழியில் நியாயமும் உண்டு. ஆயினும் வாரின் விஷயத்தில் அவர் செய்தது நல்ல காரியம் என்றே நான் கருதுகிறேன். வாரை வில்தராசு கொண்டு அளந்து இழுத்துக் கட்டவேண்டும், அது கத்தும் வரை காத்திராமல் காலக்கிரமத்தில் மீண்டும் அளந்து பார்க்கவேண்டும் என்று அவர் ஏற்பாடு செய்தார். ஊகத்துக்குப் பதிலாக அளவு வந்தது.

மோட்டார் வண்டிக்கு வாரும் குரலும் சேர்ந்தே வந்தன. 1908-ல் வெளிவந்த ஃபோர்டு கம்பெனியின் மாடல் டி வண்டியில் விசிறியைச் சுழற்றியது சிறியதொரு தட்டையான தோல் வார்தான். ஆலைக் கொட்டகையில் ஓடியதன் குழந்தை என்றே அதைச் சொல்லலாம். மழையில் நனைந்தால் நீளும், எண்ணெய் பட்டால் வழுக்கும். இந்தக் கஷ்டத்துக்குப் பரிகாரம் கண்டவர் டென்வர் நகரத்து ஜான் கேட்ஸ். அவருடைய சகோதரர் சார்லஸ் கேட்ஸ் 1911-ல் வாங்கிய சிறு தொழிற்சாலையும் ஆதியில் தோல் சாமான் செய்ததே. 1917-ல் ஜான் கேட்ஸ், ரப்பரையும் துணியையும் சேர்த்து ஆப்பு வடிவத்தில் வார்த்த பெல்ட்டைச் சக்கரத்தின் காடிக்குள் அழுத்தி உட்காரச் செய்தார். இழுக்க இழுக்க ஆப்பு காடியின் இரு சுவர்களிலும் நெருங்கி அமரும். மரம் பிளப்பவன் அடித்த ஆப்பைப்போல. மேலே சொன்ன அதே உராய்வு, அதே அரைச்சுற்று. ஆனால் காடியின் சரிவினால் இரண்டரை மடங்கு காகிதக் கணக்கில் பதினைந்து மடங்கையும் தாண்டிவிடுகிறது. அந்தச் சிறு சரிவுக்குள் இத்தனை பலம் அடங்கியிருப்பதை முதன்முதலில் கணக்கிட்டுப் பார்த்த அன்று நான் அடைந்த ஆச்சரியம் இன்னும் நீங்கவில்லை.

ஹல் நகரத்துத் தோல் வார்க்காரரின் பெயர் நம்மிடம் வந்து சேர்ந்ததும் இந்த வி-பெல்ட்டோடுதான். மதுரைக்கு மேற்கே, வைகைக் கரையை ஒட்டிய கோச்சடையில், ஃபென்னர் தொழிற்சாலையில் வார்க்கப்பட்ட பெல்ட்டுகள் ரைஸ் மில்லுக்கும் மாவு மில்லுக்கும் மோட்டார் வண்டிக்கும் போயின. பட்டறைகளில் 'ஃபேன் பெல்ட்' என்ற பெயரே நிலைத்துவிட்டது; விசிறியோடு தண்ணீர்ப் பம்பையும் டைனமோவையும் அதுவே சுழற்றியபோதிலும் பெயர் மாறவில்லை.

பிற்காலத்து மாறுதல்களை விரிக்க வேண்டியதில்லை. 1979-ல் ஃபோர்டு மஸ்டாங் வண்டியில் பல வி-பெல்ட்டுகளின் வேலையை, உட்புறத்தில் நீளவாட்டில் வரிவரியாகக் காடிகள் ஓடும் ஒரே நீண்ட பெல்ட் ஏற்றுக்கொண்டது. பாம்பைப்போல் எல்லாப் புல்லிகளிலும் வளைந்து நெளிந்து செல்லும் அதுவே இன்றைய வண்டிகளில் பெரும்பாலும் காணப்படுவது. பழைய ரப்பர் பெல்ட் முதுமை எய்தினால் வெடிப்பு விட்டுக் காட்டும். இக்காலத்து ஈபிடிஎம் ரப்பரோ வெடிக்காமலே மெல்லத் தேய்ந்து போகும். ஆகவே வெடிப்பு இல்லை, பெல்ட் நன்றாயிருக்கிறது என்ற பழைய தீர்ப்பு இப்போது செல்லாது.

நிர்ணயம் செய்யும் முறை மட்டும் பழையதே. குரல் ஏன் விட்டுவிட்டு வருகிறது என்பதிலிருந்தே அது தொடங்க வேண்டும். இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த வண்டியைக் கிளப்பியதும், ஸ்டார்ட்டர் மோட்டார் பாட்டரியிலிருந்து உறிஞ்சிய மின்சாரத்தை டைனமோவோ ஆல்டர்னேட்டரோ திரும்பக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அந்தச் சில நிமிஷங்களில் அதன் புல்லியைத் திருப்புவது மிகக் கடினம். பெல்ட்டும் குளிரில் விறைத்திருக்கிறது. பனியின் ஈரமும் படிந்திருக்கிறது. பாட்டரிக்குப் பசி தணிந்து, பெல்ட்டுக்குச் சூடு ஏறியதும் குரல் அடங்கிவிடும். ஸ்டியரிங்கை ஒரு பக்கமாக முழுக்கத் திருப்பும்போது மட்டும் கத்தினால் பாரம் ஸ்டியரிங் பம்பில். ஏசி போட்டவுடன் கத்தினால் கம்ப்ரஸரில். குரலின் ஜாதியையும் கவனிக்க வேண்டும். குருவி கத்துவதுபோல் 'கீச், கீச்' என்று சீராக விட்டுவிட்டு வருமானால், புல்லிகள் ஒரே கோட்டில் இல்லை என்று சந்தேகிக்கலாம், 'கிறீ...ச்' என்று நீண்டு, என்ஜினை முடுக்க முடுக்க உயருமானால் வழுக்கல். ஓடும் பெல்ட்டின் உட்புறத்தில் சிறிது தண்ணீர் தெளித்துப் பார்ப்பது மிகப் பயனுள்ள பரீட்சை: சப்தம் மறைந்து, ஈரம் உலர்ந்ததும் திரும்பி வந்தால் புல்லி கோணல், தண்ணீர் பட்டதும் கூச்சல் ஓங்கினால் பிடிப்பு போதவில்லை.

இந்தப் பரீட்சையை நான் நேரில் கண்டது எழுபதுகளின் இறுதியில், மதுரையில், எங்கள் வீட்டு வாசலில். என் தகப்பனாருடைய அம்பாசடர் வண்டி காலையில் மட்டும் கத்தும். பேர்போன ஒரு பட்டறையில் ஒரு வருஷத்துக்குள் மூன்று பெல்ட் மாற்றிவிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் குறை பெல்ட்டின் மேலேயே சுமத்தப்பட்டது. கடைசியில் தெற்குவாசல் பக்கத்து வயோதிக மேஸ்திரி ஒருவரிடம் போய் முறையிட்டேன். "வண்டிய இங்க கொண்டு வராதீங்க தம்பி. அது எங்க கத்துதோ அங்க நான் வாரேன்" என்றார்.

மறுநாள் ஐந்தரை மணிக்கு மப்ளர் சுற்றிக்கொண்டு வந்தவர், ஒரு முக்காலியும் ஒரு டம்ளர் தண்ணீரும் கேட்டார். கிளப்புவதற்கு முன் விசிறிக்கும் டைனமோவுக்கும் இடையே பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தினார்; அரை அங்குலம் தணிந்தது. "இழுவை சரியாத்தான் இருக்கு" என்று தமக்குள் சொல்லிக்கொண்டார். கிளப்பச் சொன்னார், வண்டி கத்தியது. விரல் நுனியால் இரண்டு சொட்டுத் தண்ணீரைச் சுண்டினார், கூச்சல் ஓங்கியது. முகப்பு விளக்கை அணைக்கச் சொன்னார், தணிந்தது. போடச் சொன்னார், எழும்பியது. நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை டைனமோவின் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதோடு அணைத்துக் கண்ணை மூடி அவர் கேட்டுக்கொண்டிருந்த அரை நிமிஷம், வைத்தியர் நாடி பார்க்கும் நேரத்தைப்போல் எங்கள் எல்லாருடைய மூச்சையும் நிறுத்தி வைத்தது. "பேரிங் சுத்தம்" என்றார். என்ஜினை நிறுத்தி, பெல்ட்டைக் கழற்றி, டைனமோவைக் கையால் சுழற்றினார், தடையில்லாமல் சுழன்றது. பிறகு டார்ச் விளக்கை வாங்கி அதன் புல்லியின் காடிக்குள் அடித்து, என்னைக் குனிந்து பார்க்கச் சொன்னார்.

காடியின் அடி, வெள்ளிக் கம்பியைப்போல் பளபளத்தது.

"பெல்ட்டு ரெண்டு பக்கச் சுவர்ல உக்காரணும் தம்பி, அடியில உக்காரப்படாது. அடி எப்படி மின்னுது பாத்தீங்களா? சுவரு தேஞ்சு போச்சு, பெல்ட்டு தரையில படுத்துக்கிட்டு ஓடுது. நீங்க முப்பது பெல்ட்டு மாத்தினாலும் கத்தத்தான் செய்யும்."

ஆப்பு ஆப்பாக இல்லாமல் போயிருந்தது. காடியின் சுவர் தேய்ந்து பெல்ட் அடியில் அமர்ந்த அன்றே, பதினைந்து மடங்குப் பிடிப்பு பழைய இரண்டரை மடங்குக்கு இறங்கிவிட்டது; எங்கள் வண்டி தினந்தோறும் காலையில் 1917-க்கு முந்தைய தோல் வார்க் காலத்துக்குத் திரும்பிப் போய், பாட்டரியின் பசி தணிந்ததும் மீண்டும் தன் காலத்துக்கு வந்துகொண்டிருந்தது. இருக்கும் புல்லிகளுக்குள் சிறியது டைனமோவினுடையது. பெல்ட் அதைத் தழுவுவதும் அரைச்சுற்றுக்குக் குறைவே. ஆய்லரின் கணக்குப்படி முதலில் கைவிடுவது அதுவாகத்தான் இருக்க வேண்டும். அந்தக் கணக்கு ஒன்றும் அறியாத மேஸ்திரியின் விரல் நேரே அங்கே போய் நின்றது.

அன்று மாலையே வேறு புல்லி போட்டு, கழற்றி வைத்த பழைய பெல்ட்டுகளில் ஒன்றையே திரும்ப மாட்டினார். மறுநாள் ஐந்தரைக்கு, நாங்கள் சொல்லாமலே, மறுபடியும் வந்து முக்காலியில் உட்கார்ந்தார். பனி பெய்திருந்தது. வண்டியைக் கிளப்பினேன், விளக்கைப் போடச் சொன்னார், விசிறியின் காற்று மட்டும் கேட்டது. இரண்டு சொட்டுத் தண்ணீர் சுண்டிப் பார்த்தார். இன்னும் இரண்டு சுண்டினார். பிறகு டம்ளரில் மீந்திருந்த தண்ணீரை வாசல் செம்பருத்தியின் வேரில் ஊற்றிவிட்டு, "அம்மாகிட்டச் சொல்லி ஒரு காப்பி வாங்கியாங்க தம்பி, சீனி கம்மியா" என்றார்.